பதில் சொல்ல ஓர் ஆள்

1

அப்பாவின் ஆண்டுப் பூசைக்குச் சொல்லி வைக்கக் கோயில் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மால்டாவில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளியிருக்கிற மாதா கோயில். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார். சவரிமுத்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அது உன் பெயர் ஆயிற்றே, செத்துப்போனவர் பெயரைச் சொல் என்றார்.

அவர்மேல் தப்பில்லை. நம்மூரில் எஸ். லில்லி என்று எழுதினால் வேலை முடிந்தது. இங்கே எந்த கவுன்டருக்குப் போனாலும் அந்த எஸ் என்ன, குடும்பப் பெயர் எங்கே என்று பிடித்துக்கொள்வார்கள். குடும்பப் பெயருக்கு நாங்கள் எங்கே போவது? அப்பா பெயரை விரித்து எழுதிக் கொடுத்தேன். அன்றோடு லில்லி காணாமல் போனாள். குடியிருப்பு அட்டையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் நான் சவரிமுத்துதான். நீளமாக இருக்கிறது என்று வேலையிடத்தில் அதை வெட்டி 'சவேரி' ஆக்கினார்கள். புனித சவேரியாரை இவர்கள் பாஷையிலும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்கள், அதனால் அவர்களுக்குப் பரம சந்தோஷம்.

என் கணவர் ஸ்டீபன் இங்கே பஸ் ஓட்டுகிறார். அவருடைய அப்பா அந்தோணி, ஆகவே அவர் மிஸ்டர் அந்தோணி. எங்கள் மகள் அமலி, மிஸ் ஸ்டீபன். அவளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது அங்கிருந்த பெண்மணி எங்கள் மூவரின் தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, நீங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கேட்டாள். ஸ்டீபன் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

ஆனால் இன்று அந்தப் பெரியவரிடம் கோபம் வரவில்லை. பத்து வருஷமாக இந்தத் தீவில் காலையிலிருந்து மாலைவரை அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன். மனுஷன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் இங்கே பஸ் ஏறி வேலைக்குப் போய் வருகிறது.

2

மால்டா எங்கே இருக்கிறது என்று ஊரில் இன்னமும் கேட்கிறார்கள். இத்தாலிக்குக் கீழே, ஆப்பிரிக்காவுக்கு மேலே, கடல் நடுவில். பெங்களூரின் ஒரு மூலையில் தூக்கி வைத்தால் டிராஃபிக்கில் தொலைந்துபோகும், அவ்வளவுதான் அளவு. வீடு, கோயில், மதில் எல்லாம் ஒரே மஞ்சள் கல். சாயங்கால வெயிலில் ஊரே பொன்னாகத் தெரியும். கோலார் தங்க வயலில் பிறந்த எனக்கு அதைப் பார்த்து முதலில் சிரிப்புதான் வந்தது. அங்கே பூமிக்குள் தேடினோம், இங்கே சுவரிலேயே பூசி வைத்திருக்கிறார்கள்.

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். முதல் நாள் மேற்பார்வை பார்க்கிற பெண் என்னிடம் "மேலா, மேலா" என்றாள். மேலே போகச் சொல்கிறாள் என்று நினைத்து மாடி ஏறினேன். அங்கே துணி காய்ந்துகொண்டிருந்தது. இறங்கி வந்தேன். மறுபடியும் "மேலா" என்றாள். மறுபடியும் ஏறினேன். இவர்கள் பாஷையில் மேலா என்றால் 'சரி, அப்புறம், ஆமாம், பின்னே' எல்லாம்தான் என்று தெரிவதற்குள் முட்டி கழன்றுவிட்டது. இப்போது நானே வாய்க்கு வாய் மேலா சொல்கிறேன்.

இந்தத் தீவின் கதையை எனக்குச் சொன்னது கார்மேனா. பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் இல்லத்தில்தான் இருக்கிறார். காலையில் நான் தலை வாரிவிடும்போது பேச ஆரம்பிப்பார். வந்து போன ஆட்சிகளை எல்லாம் வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர்களைப் போலத்தான் பேசுவார். முதலில் யாரோ வந்து பெரிய பெரிய கல்லாக நிறுத்திக் கோயில் கட்டினார்களாம், அவர்கள் பெயர்கூடத் தெரியவில்லை. அப்புறம் கப்பலில் பினீசியர்கள், கார்த்தேஜ்காரர்கள், ரோமானியர்கள். பவுல் அப்போஸ்தலரின் கப்பல் உடைந்து கரை ஒதுங்கியது இங்கேதான் என்பதைச் சொல்லும்போது, தன் வீட்டு வாசலில் நடந்த மாதிரி தலையை நிமிர்த்திக்கொள்வார், நான் எடுத்த வகிடு கோணலாகிவிடும்.

அதற்கப்புறம் அரபிகள் வந்தார்கள். அவர்களுக்குப் பின் சிசிலியிலிருந்து நார்மானியர்கள். பிறகு சிலுவை போட்ட மேலங்கியோடு பல தேசத்துப் பிரபுக்கள் வந்து கோட்டை கட்டி வெகுகாலம் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்த வேகத்தில் கோயில் வெள்ளியை எல்லாம் சுருட்ட, ஜனங்கள் கொதித்து எழுந்து துரத்திவிட்டார்கள். கடைசியாக வெள்ளைக்கார துரைகள் கப்பல் துறை கட்டி, சாலையில் இடப்பக்கமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் புண்ணியத்தில்தான் ஸ்டீபனுக்குத் தடுமாறாமல் பஸ் ஓட்ட முடிகிறது.

எல்லாரும் போய்விட்டார்களே, என்னதான் மிச்சம் என்று ஒருநாள் கேட்டேன். கார்மேனா தன் வாயைத் தொட்டுக் காட்டினார். அரபிகள் போன பிறகும் அவர்கள் பேச்சு போகவில்லை. அதன்மேல் சிசிலிக்காரர் பேச்சும் இத்தாலியமும் ஆங்கிலமும் ஏறி உட்கார்ந்து இன்றைய மால்டிய மொழி ஆகியிருக்கிறது. இத்தனை கோயில், இத்தனை மணி, வீட்டுக்கு வீடு மாதா சுரூபம் வைத்திருக்கிற இந்தக் கத்தோலிக்கர்கள் கடவுளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? அல்லா. தவக்காலத்துக்கு 'ரந்தான்' என்று பெயர், ரம்ஜானுக்குக் கூடப்பிறந்தது. ஈஸ்டருக்கு ஈத். சிலுவைக்கு சலீப்.

அதைக் கேட்டபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான். அது பெங்களூர் காக்ஸ் டவுனில் அப்பா வீட்டுக்குள் வந்து இந்தப் பாடுபடுத்தும் என்று அப்போது தெரியாது.

3

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் முன்னோர் வட ஆற்காட்டுக்காரர்கள். தங்கம் தோண்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கோலார் பக்கம் போனார்கள். அப்பா அங்கேயே பிறந்து, அங்கேயே சுரங்கத்தில் இறங்கி, சுரங்கம் மூடுகிறவரைக்கும் உழைத்தார். மூடின பிறகு காக்ஸ் டவுனில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். பெங்களூரில் யாரைப் பார்த்தாலும் நேட்டிவ் எது என்று கேட்பார்களே, அப்பா அதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார். கன்னடக்காரர் கேட்டால் கோலார், தமிழ்நாட்டுக்காரர் கேட்டால் வேலூர், போலீஸ் கேட்டால் காக்ஸ் டவுன்.

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டை கேஜ் என்பார்கள். அதற்கு மணிச் சைகை உண்டு. கீழே இருப்பவர் மணி அடித்தால் மேலே இருப்பவர் அதையே திருப்பி அடிக்க வேண்டும். பதில் மணி வராமல் கேஜ் நகராது. இருட்டில் அத்தனை பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு அந்தப் பதில் மணிக்காக நிற்பார்களாம். மேலே ஆள் இருக்கிறான் என்று அப்போதுதான் தெரியும் என்பார் அப்பா.

செபமாலையும் அவருக்கு அப்படித்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: செபமாலையில் மாதா செபத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் பதிலாகச் சொல்வார்கள். சுரங்க லைனில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பா தொடங்கினால் பக்கத்து வீடுகளிலிருந்தும் பதில் வரும். அவர் சொல்வது பழைய செபம். கோயிலில் 'அருள் நிறைந்த மரியே' என்று மாற்றி எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் மட்டும் விடாமல் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்பார். அதிலும் நெஞ்சில் சுரங்கத் தூசு இருந்ததால் ஒரே மூச்சில் வராது. 'பிரியதத்தத்தினாலே பூரண...' என்று நிறுத்துவார். நெஞ்சு ஒருமுறை கர்ரென்று இழுக்கும். அப்புறம்தான் 'மரியாயே' வரும்.

அம்மா போனபிறகு அப்பாவுக்குத் துணையாக அவர் தங்கை ஆரோக்கியம் அத்தை வந்தாள். நான் ஒரே பெண். மால்டாவுக்குக் கிளம்புகிற நாளில் அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிப் பார்த்து எடை சரியாக இருக்கிறதா என்றார். ஆட்டோ வந்து நின்ற பிறகுதான் கேட்டார்.

"எல்லாம் சரிதான் லில்லி. எனக்குப் பதில் சொல்ல யார் இருக்கா?"

அத்தை இருக்கிறாளே என்றேன். அவ செபமாலை ரெண்டாம் மணி உருள்றதுக்குள்ளயே தூங்கிடுவா என்றார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விமான நிலையம் வரைக்கும் அந்தக் கேள்வி என்கூடவே வந்தது.

4

அமலி ஒரு வயசில் இங்கே வந்தவள். நானும் ஸ்டீபனும் மாறி மாறி ஷிஃப்ட். கீழ்வீட்டு மால்டியக் குடும்பம்தான் அவளைப் பார்த்துக்கொண்டது. தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள். பதில் மட்டும் மால்டியத்தில் வரும், கொஞ்சம் மரியாதை கொடுத்தால் ஆங்கிலத்தில். "தமிழ்ல சொல்லுடி" என்றால் "மேலா" என்பாள். எத்தனை அதட்டினாலும் அவ்வளவுதான். அப்பா போனில் பேசினால் ம், ம் என்பாள். அவரும் சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டுவிட்டு, அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல் போனை அத்தையிடம் கொடுத்துவிடுவார். இந்தப் பிள்ளைக்கும் அந்த மனுஷனுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

அவளுக்கு ஒன்பது வயசில் ஒரு மாத லீவில் பெங்களூர் போனோம். விமான நிலையத்தில் அப்பா அவள் தலையில் கைவைத்து சிலுவை போட்டார். அவள் ஆங்கிலத்தில் தேங்க்யூ என்றாள்.

போய் இரண்டாம் நாள் சாயங்காலம் நான் சாமான் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அத்தை வாசலிலேயே நிற்கிறாள். முகம் சுண்டிப்போயிருக்கிறது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"உண்மையச் சொல்லு. அங்க போய் வேதம் மாறிட்டீங்களா?"

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அத்தை குரலை இறக்கிச் சொன்னாள். அப்பா செபமாலையைத் தொடங்கினாராம். அத்தை பால் பொங்குகிறது என்று அடுப்பங்கரைக்கு எழுந்து போனாளாம். பதில் சொல்ல யாரும் இல்லை. அமலி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், தானாகவே என்னமோ சொல்ல ஆரம்பித்தாளாம்.

"ஓம் அல்லாங்கறா லில்லி. ஓம்னும் சொல்றா, அல்லான்னும் சொல்றா, நடுவுல மரியான்னும் சொல்றா. எங்கதான் சேத்து வெச்சிருக்கீங்க புள்ளைய?"

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மால்டியத்தில் 'ஒம்' என்றால் அம்மா. 'ஒம் அல்லா' என்றால் கடவுளின் தாயே, அவ்வளவுதான். செபத்தின் மறுபாதியே அந்த அழைப்போடுதான் தொடங்குகிறது, கீழ்வீட்டில் கேட்டுக் கேட்டு அவளுக்கு அது பாடம். விளக்கிச் சொன்னேன். அத்தை நம்புகிற மாதிரி இல்லை. அதோடு விட்டாளா? பிள்ளை இன்னொன்றும் சொன்னாள் என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியேவிட்டது. உயிரோடு இருக்கிற மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தடவையும் மௌத்து, மௌத்து என்று முடிக்கிறாளாம். மௌத்து என்றால் சாவு என்று பெங்களூரில் யாருக்குத்தான் தெரியாது?

அத்தை என் விளக்கத்தை விட்டுவிட்டு நேரே பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவிடம் போனாள். இருபது வருஷப் பழக்கம். ஷமீம் அக்கா அமலியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். அவளும் கூச்சப்படாமல் முழுச் செபத்தையும் முதலிலிருந்து சொன்னாள். அது 'ஸ்லீம் ஆலிக் மரியா' என்று தொடங்கும். ஷமீம் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

"மரியம் அம்மாவுக்கு சலாம் சொல்றா மேரி" என்றார். அத்தையை அவர் மேரி என்றுதான் கூப்பிடுவார். "நமக்கும் அவங்க பெரியவங்கதான். புள்ள நல்லாத்தான் சொல்லுது. மௌத்துன்னா மௌத்துதான், அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அத்தை பாதி சமாதானமாகத் திரும்பி வந்தாள். மீதிப் பாதியை நேராக அப்பாவிடம் கொண்டுபோய் வைத்தாள்.

5

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அப்பா கோயிலுக்கு உயிரைக் கொடுக்கிற ஆள். பேத்தி அவர் காதுபட மௌத்து என்றது அவர் மனசில் எப்படி விழுந்ததோ என்று கலங்கினேன். இவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்காதது இப்படி வந்து விடிந்ததே என்று எனக்கு என்மேலேயே எரிச்சல்.

அப்பா அமலியைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார். செபமாலையை எடுத்தார். "பிரியதத்தத்தினாலே பூரண..." என்று நிறுத்தினார், நெஞ்சு இழுத்தது, மீதியைச் சொல்லி முடித்தார். முடித்துவிட்டுக் காத்திருந்தார். அமலி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் தன் பாதியைச் சொன்னாள், ஒம் அல்லாவில் தொடங்கி மௌத்து வரைக்கும். அப்பா அடுத்த மணியைத் தள்ளினார். மறுபடி சொன்னார், மறுபடி அவள் பதில் சொன்னாள். பத்து மணியும் அப்படியே போயிற்று. இவர் முடிக்கிற இடத்தில் அவள் எடுக்கிறாள், அவள் விடுகிற இடத்தில் இவர் எடுக்கிறார். ஒரு சொல்கூட ஒருவர் மேல் ஒருவர் ஏறவில்லை.

அப்புறம்தான் அப்பா தங்கையிடம் பேசினார்.

"ஆரோக்கியம், நாம சின்னப் புள்ளையில சாமிய இன்னான்னு கூப்பிட்டோம்?"

அத்தை தயங்கி, சர்வேசுரன் என்றாள். பழைய செபத்தில் அதுதான் கடவுளுக்குப் பெயர்.

"லைன்ல நம்ம எதிர்வீட்டு முனுசாமி கேப்பான், இன்னாடா சவரி, எங்க சிவன் பேரச் சொல்லிகினு மாதா கோயிலுக்குப் போறியேன்னு. நம்ம வேதம் மாறிச்சா? பேரு எவனோ வெச்சுட்டுப் போனது. கூப்பிட்டா திரும்பிப் பாக்கறவரு ஒருத்தருதானே."

அத்தை சும்மா இருந்துவிடுகிற ஆளா? அது சரி, மௌத்துக்கு என்ன சொல்கிறாய் என்றாள்.

"நீ இன்னா சொல்ற தினமும்? எங்கள் மரண வேளையிலும்னு சொல்லல? அப்பல்லாம் எனக்குப் பயமா இல்ல, இப்ப புள்ள சொன்னா பயந்துடுவேனா?" அப்பா அமலியின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "பதில் சொல்ல ஆள் வந்திருக்கு. அத விட்டுட்டு பாஷையப் பாத்துகினு இருக்க."

அத்தை எழுந்து போய்ப் பாலை ஆற்றி அமலிக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் முகத்தைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய் நன்றாக அழுதேன். துக்கத்தில் இல்லை.

அந்த மாதம் முழுக்க ஏழு மணிக்கு அவர்கள் இருவரும்தான். மற்றபடி பேசிக்கொண்டது குறைவு. சாப்பிட்டியா, ம். தூங்கினியா, ம். அமலிக்கு அவர் கேரம் விளையாடக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார், அவள் அவரைத் தோற்கடித்தாள். பானி பூரி வாங்கித் தந்தார், காரம் தாங்காமல் அவள் அவர் சட்டையிலேயே வாயைத் துடைத்துக்கொண்டாள். ஏழு மணி அடித்தால் மட்டும் அவளே போய்ச் செபமாலையை எடுத்துக் கொண்டுவந்து அவர் மடியில் வைப்பாள்.

6

திரும்பி வந்த பிறகும் அது நிற்கவில்லை. அங்கே ஏழு மணி என்றால் இங்கே பிற்பகல், அமலி பள்ளி விட்டு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காருகிற நேரம். அத்தை வீடியோவில் கூப்பிடுவாள். அமலி ஒரு கையில் ரொட்டியை வைத்துக்கொண்டே பதில் சொல்வாள். கோடையில் இந்த ஊரில் கோயில் திருவிழா வரிசையாக வரும். பகல் என்றும் பார்க்காமல் வெடி வைப்பார்கள், ஜன்னல் அதிரும். அப்பா போனில் அதைக் கேட்டு, "இன்னா, பிளாஸ்டிங்கா?" என்பார். ஆமாம் தாத்தா, தங்கம் எடுக்கிறோம் என்று சொல்லச் சொல்லி நான் அமலிக்கு எடுத்துக் கொடுத்தேன். அவள் சொன்ன தமிழில் தங்கம் தொங்கம் ஆயிற்று. அப்பா இருமி இருமிச் சிரித்தார்.

போன வருஷம் அவர் நெஞ்சு மோசமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் கல்நெஞ்சக்காரி ஒன்றும் இல்லை. தாராளமாகப் போகலாம், புது அட்டை கைக்கு வரும் முன் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். என் அப்பா செத்துக்கொண்டிருக்கிறார் என்று அங்கேயே நின்று சொன்னேன். அவள் திரையைப் பார்த்து, சவரிமுத்து என்றாள். என் பெயரைத்தான் படித்தாள்.

என்ன ஆனாலும் ஆகட்டும், போகிறேன் என்று பெட்டியை எடுத்து வைத்தேன். ஸ்டீபனும் போ என்றார். அத்தையிடம் சொன்னேன். அவள் போனை அப்பாவின் வாயருகே பிடித்தாள்.

"வராத" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "வேலைய உட்டுட்டு வராத. பதில் வந்துனுதான இருக்கு" என்றார்.

பெட்டியைப் பிரிக்காமல் அட்டைக்காகக் காத்திருந்தேன், மறுநாளும் அது வரவில்லை. அதற்கு மறுநாள் அத்தை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டாள். படம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று சொல்லிப் போனைத் தலையணையில் வைத்தாள். ஷமீம் அக்காவும் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னாள். நான் இல்லத்தில் விடுப்பு சொல்லிவிட்டு அமலியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பா தொடங்கினார். "பிரியதத்த..." அதற்குமேல் வரவில்லை. நான் வாயைத் திறந்தேன், எனக்கும் வரவில்லை. அமலி அந்த ஒரு சொல்லுக்குத் தன் பாதியை முழுசாகச் சொன்னாள், நிதானமாக, மௌத்து வரைக்கும். அடுத்ததை அத்தை எடுத்து, அவருக்காகச் சொன்னாள். அமலி பதில் சொன்னாள். அப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு அத்தை முதல் பாதியைச் சொல்லவில்லை. அமலி காத்திருந்தாள். தொடர்பு அறுந்துவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தாள்.

"போதும் கண்ணு" என்றாள் அத்தை. "தாத்தா கேட்டுகினாரு."

அட்டை அடுத்த வாரம் வந்தது.

7

அதன் பிறகு எங்கள் வீட்டில் செபமாலை இல்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, யாரும் தொடங்கவில்லை, அவ்வளவுதான். நான் பிறந்ததிலிருந்து பதில் சொல்லியே பழகினவள். முதல் பாதி அப்பாவுடையது. அதை எடுத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அமலிக்குப் பதினோரு வயசாகிறது. இப்போது அவளுக்குத் தோழிகள், பாட்டு, போன். தாத்தா பேச்சையே எடுப்பதில்லை. போனால் போகட்டும், பிள்ளை மறந்துவிட்டாள், அதுதான் அவளுக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேனே தவிர மனசு கேட்கவில்லை. தலை வாரும்போது கார்மேனாவிடம் சொன்னேன். அவர், இங்கே வந்துபோன ஒருவரும் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போகவில்லை என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

இன்று கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா படத்தை மேசைமேல் வைத்து ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். வெளியே திருவிழா வெடி ஆரம்பித்துவிட்டது. அமலி பள்ளியிலிருந்து வந்து பையை எறிந்தாள், படத்தைப் பார்த்தாள், ரொட்டியை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். நான் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கத் தெரியாமல் இருந்தேன். அவள் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"பிரியதத்தத்தினாலே பூரண..." என்றாள்.

தமிழில் சொன்னாள். தண்ணீர் வேண்டும் என்று தமிழில் கேட்கத் தெரியாத பிள்ளை. தமிழ்நாட்டுக் கோயில்களிலேயே இன்று பாதிப் பேருக்குத் தெரியாத சொல். சொல்லிவிட்டு 'பூரண'வில் நிறுத்தினாள். நெஞ்சை ஒருமுறை இழுத்து மூச்சு வாங்கினாள், கர்ரென்று, அப்பாவைப் போலவே. கேலி இல்லை. அந்த இடத்தில் அப்படி மூச்சு வாங்குவதும் செபத்தில் சேர்ந்தது என்றுதான் அவள் படித்திருக்கிறாள். அதற்குப் பிறகு 'மரியாயே வாழ்க' என்று எடுத்து, தங்க வயல் இழுவையோடு அந்தப் பாதியை முடித்தாள்.

முடித்துவிட்டு என்னைப் பார்த்துக் காத்திருந்தாள். அந்தப் பார்வையும் அவருடையதுதான். எந்தப் பாஷையில் என்று நான் யோசிக்கவில்லை. வாயில் வந்ததில் பதில் சொன்னேன். அவள் அடுத்த மணியைத் தள்ளினாள்.